சனிக்கிழமை எட்டு மணிக்கு வகுப்பறையைத் திறந்து வை

கிழக்குத் தாம்பரம்
பிப்ரவரி, 2009

மகளே,

திவ்யாவின் அம்மா வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு உன்னைப் பார்க்கப் பல்லாவரத்தில் உன் பள்ளிக்கு வரத் தயாராக இருக்கிறார். சொன்னவர் அவரேதான். கேட்டவர் உன் அம்மா. சொன்ன இடம், நேற்று மாலை செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டி. இனி நான் எழுதப் போவதெல்லாம் இதன் பின்னணி. பின்னணி இல்லாமல் இந்தத் தகவலை மட்டும் உன்னிடம் சொன்னால், "அம்மாவ யாருப்பா இதுல தலையிடச் சொன்னது" என்று கேட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்வாய். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவதற்கு அதுதான் காரணம். நான் வாயைத் திறந்தால் அது கேள்வியாகத்தான் வருகிறது. முப்பது வருடம் ஊரில் உள்ளவர்களைக் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவனுக்கு வீட்டில் வேறு மாதிரி பேச வரவில்லை. எழுத வரும்.

திவ்யா என்பது அந்த மாணவியின் பெயர் அல்ல என்பது உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை உன் பள்ளியின் ஸ்டாஃப் ரூமில் வேறு யாராவது படித்தாலும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் வேறு ஒரு தகப்பன் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தப் பெண்ணுக்கும் அவள் அம்மாவுக்கும் இருக்கலாம். அதனால் பெயரை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நான் பார்த்ததும் கேட்டதும். யாரிடமிருந்து கேட்டேன் என்பதையும் அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு பேசியதிலிருந்து தொடங்குகிறேன். நீ ஆசிரியையாக இருக்கும் ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பெண் கணக்கில் காலாண்டிலும் தேறவில்லை, அரையாண்டிலும் தேறவில்லை. வாரத்தில் இரண்டு நாள் தாமதமாக வருகிறாள். தாமதமாக வருபவர்களை முதல் பீரியட் முடியும்வரை வெளியே நிறுத்துவது உங்கள் பள்ளி வழக்கம். உன் வகுப்புக்கு முதல் பீரியட் கணக்கு. அவள் அம்மாவை வரச் சொல்லி மூன்று முறை சொல்லி அனுப்பினாய், வரவில்லை. தலைமையாசிரியை உன்னைக் கூப்பிட்டு, "அடுத்த வருஷம் பத்தாவது. இந்தப் பொண்ண வெச்சுக்கலாமா, டிசி வாங்கிட்டு வேற ஸ்கூல் பார்க்கச் சொல்லலாமா? நீதானே கிளாஸ் டீச்சர், ஒரு வாரம் யோசிச்சு அடுத்த திங்கட்கிழமை சொல்லு" என்று கேட்டிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு பெண் பத்தாவது எழுதுவாளா, அதே பிள்ளைகளோடு அதே பள்ளியில் எழுதுவாளா என்பது உன் வாயில் வந்து நிற்கிறது. அந்தக் கனத்தில்தான் நீ கோபமாகப் பேசினாய் என்று எனக்குப் புரிந்தது. "கூப்பிடு தூரத்துல வீடுப்பா. அவங்கம்மாவுக்கு அக்கறையே இல்ல. நான் மட்டும் எதுக்குப் போராடணும்?"

நான் என்ன செய்தேன்? "எத்தன மணிக்கு வரச் சொன்ன?" என்றேன். பதினோரு மணி என்றாய். "அவங்க எங்க வேலை பார்க்குறாங்க?" தாம்பரம் சானடோரியத்தில் ஏதோ எக்ஸ்போர்ட் துணிக் கம்பெனி என்றாய். "ஷிப்ட் எப்ப?" நீ எழுந்து தட்டைக் கழுவப் போட்டுவிட்டு, "பேட்டி எடுக்காதீங்கப்பா" என்றாய். உன் அம்மா ரசத்தை எனக்கு ஊற்றிக்கொண்டே, "உங்களுக்கு இதே வேலை. அவ ஸ்கூல் படிக்கறப்பவும் இப்படித்தான்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் அவள் எதை நினைவுபடுத்தினாள் என்று எனக்குத் தெரியும். உனக்குப் பாதிதான் தெரியும். மீதியையும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

நீ ஒன்பதாவது படித்த வருடம் நான் பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை உள்ள செய்திகளைப் பத்திரிகைக்காகச் சேகரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. செய்தி இருக்கிற நாளில் மட்டும் போய் நின்றால் எவனும் பேசமாட்டான். ஒன்றும் இல்லாத நாளிலும் தலையைக் காட்ட வேண்டும். காலையில் காவல் நிலையம், பிறகு நகராட்சி அலுவலகம், பிறகு அரசு மருத்துவமனை, கடைசியாக ரயில் நிலையம். ஒரு டீ, இரண்டு வார்த்தை, வந்துவிடலாம். இப்படிச் சும்மா போய்ப் பழகியவனுக்குத்தான் நடக்கிற நாளில் முதலில் தகவல் வரும். இந்தப் பழக்கம் எனக்குச் சோறு போட்டது. அதனால் குரோம்பேட்டையில் நீ படித்த பள்ளிக்கும் அதையே செய்தேன். பிள்ளைக்கு ஏதாவது பிரச்சினை என்றால்தான் பெற்றோர் பள்ளிக்குப் போகிறார்கள், நான் பிரச்சினை இல்லாதபோதே போகிறேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. வாரம் ஒரு முறை ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் வரும்போது வண்டியை உள்ளே திருப்பிவிடுவேன். சட்டைப்பையில் பேனாவும் மடித்த தாள்களும் துருத்திக்கொண்டிருக்கும்.

முதல் முறை போனபோது வாட்ச்மேன் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். இரண்டாவது முறை எழுந்து நின்று சல்யூட் அடித்தார். மூன்றாவது முறை போனபோது, தண்ணீர்த் தொட்டியில் ரொம்ப நாளாக ஒழுகிக்கொண்டிருந்த குழாயை மாற்றியிருந்தார்கள். நீதான் வீட்டுக்கு வந்து அந்த அதிசயத்தைச் சொன்னாய். அதற்கடுத்த முறை தலைமையாசிரியை என்னை அறைக்குள் அழைத்து, காபி கொடுத்து, பள்ளியின் தேர்ச்சி விகிதத்தைச் சொன்னார். நான் கேட்கவில்லை. உன் வகுப்பு ஆசிரியை ஸ்டெல்லா மிஸ்ஸைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கையில் சாக்பீஸ் தூளோடு வந்து நின்று, "ரொம்ப நல்ல பொண்ணு சார். நோ கம்ப்ளைன்ட்ஸ்" என்றார். ஒவ்வொரு வாரமும் அதே பதில். நகராட்சி ஆணையர், "குடிநீர் விநியோகம் சீராக உள்ளது" என்று சொன்னால் நம்பாமல் தெருவில் இறங்கி விசாரிக்கிற நான், இதை அப்படியே நம்பினேன்.

காலாண்டில் உனக்குக் கணக்கு போயிற்று. மதிப்பெண்ணைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்று வந்தது. வாராவாரம் போகிறேன், ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று ஸ்டெல்லா மிஸ் மீது கோபம். நேரே போய்க் கேட்கக் கிளம்பியபோது உன் அம்மா வண்டிச் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "நீங்க கமிஷனர்கிட்ட கேக்குற மாதிரி கேட்டா, கமிஷனர் சொல்ற மாதிரிதான் பதில் வரும். போய் அந்தம்மாகிட்ட நம்ம வீட்ல என்ன நடக்குதுன்னு சொன்னீங்களா என்னைக்காவது?" நான் சொன்னதில்லை. எதற்குச் சொல்ல வேண்டும் என்றும் தோன்றியதில்லை. தகவல் கேட்கப் போகிறவன் நான், கொடுக்கப் போகிறவன் இல்லை.

அந்த மாதப் பெற்றோர் கூட்டத்துக்கு நான் வண்டியை எடுக்கவில்லை. ரயிலில் போனேன். பையில் பேனா இல்லை. வாட்ச்மேன் அடையாளம் கண்டு உள்ளே அழைத்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு வராந்தாவில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் கடைக்காரர் ஒருவர், பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். என் முறை வந்தபோது, உங்கள் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, "மிஸ், கணக்குப் புஸ்தகத்தைத் திறந்தாலே இவ முகம் மாறிடுது. எனக்குச் சொல்லித்தரத் தெரியல. தெரியாததை மறைக்கக் கத்துறேன். நான் கத்தினா அவ ராத்திரி சாப்பிடாமப் படுத்துடுறா" என்றேன். ஸ்டெல்லா மிஸ் வராந்தா வரிசையை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சார், இது பேப்பர்ல வராதே?" என்றார். "எங்க வீட்டு விஷயம் மிஸ், நான் எதுக்குப் போடப்போறேன்?" "இல்ல, நான் இப்ப சொல்லப்போறது." வராது என்றேன்.

அவர் சொன்னது இதுதான். கணக்கு சார் உன்னை மாதக்கணக்கில் போர்டுக்குக் கூப்பிடவே இல்லை. மற்ற பிள்ளைகள் தப்பாகப் போட்டால் திட்டுவார், மறுபடி போட வைப்பார். உன்னை மட்டும் தொடமாட்டார். ரிப்போர்ட்டர் வீட்டுப் பெண், வாராவாரம் அப்பா வந்து நிற்கிறார், எதற்கு வம்பு என்று விட்டுவிட்டார். உன் வகுப்புப் பையன்கள் அதை வைத்து உன்னை ஓட்டியிருக்கிறார்கள்: "அவளக் கூப்பிடாதீங்க சார், நாளைக்கு ஹெட்லைன்ல வந்துடுவீங்க." நீ வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழாய் மாற்றியதைச் சொன்ன நீ இதைச் சொல்லவில்லை. பிள்ளைகள் எதைச் சொல்வார்கள், எதை விழுங்குவார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உனக்கு இனி தெரியவரும், வேலை அப்படி.

வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. ஸ்டெல்லா மிஸ்ஸும் சிரித்துவிட்டார். அன்று அந்த பெஞ்சிலேயே பேசி முடித்தோம். கணக்கு சாரை அவரே அழைத்து வந்தார். "என் பொண்ண போர்டுக்குக் கூப்பிடுங்க சார், தப்பு போட்டா திட்டுங்க. நான் இனிமே கூட்டத்துக்கு மட்டும்தான் வருவேன்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "திட்டினா அழுவாளா சார்?" என்று கேட்டார். அழுவாள் என்றேன். "அப்ப முதல்ல அவளுக்குத் தெரிஞ்ச கணக்குக்குக் கூப்பிடுறேன்" என்றார். அந்த மனிதரைத்தான் அத்தனை மாதம் பாடம் நடத்தத் தெரியாதவர் என்று நான் உன் முன்னாலேயே பேசிக்கொண்டிருந்தேன். உன் காதில் விழும் என்று யோசிக்கவில்லை. வீட்டில் மதிப்பில்லாத ஒருவரிடம் பிள்ளை எப்படிச் சந்தேகம் கேட்கும்?

மீதியை உன் அம்மா பார்த்துக்கொண்டாள். ஸ்டெல்லா மிஸ்ஸுக்கு வீடு மேற்குத் தாம்பரம். காலையில் உன் அம்மா கிண்டிக்கு வேலைக்குப் போகிற ரயில்தான் அவருக்கும். தாம்பரத்தில் ஏறினால் சானடோரியம், அடுத்தது குரோம்பேட்டை, அங்கே மிஸ் இறங்கிவிடுவார். இரண்டு நிலையத் தூரம். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பெண்கள் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். வீட்டிலிருந்து ஒரு விஷயம் உன் அம்மா சொல்வாள், வகுப்பிலிருந்து ஒரு விஷயம் மிஸ் சொல்வார். "இந்த வாரம் சொல்லாமலே கணக்கு நோட்டை எடுத்தா." "இந்த வாரம் ரெண்டு தடவை கை தூக்கினா, ஒண்ணு தப்பு, ஒண்ணு சரி." சில வாரம், "எங்க வீட்டுக்காரர் மறுபடியும் கத்திட்டாரு" என்றும் போயிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு மிஸ் அன்று உன்னிடம் கொஞ்சம் தணிவாக நடந்துகொண்டிருக்கலாம். வேறு பேச்சு கிடையாது. புடவை விலை, மழை எல்லாம் மற்ற நாட்களுக்கு. ஆண்டுத் தேர்வில் கணக்கில் தேறினாய். பெரிய மதிப்பெண் இல்லை. நீ மதிப்பெண் பட்டியலை நீட்டியபோது நான் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் அன்றைய பெரிய செய்தி என்று உன் அம்மா இன்றும் கேலி செய்கிறாள்.

இந்தக் கதையை வைத்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. பெற்றோரிடம் இருப்பது பிள்ளையின் ஒரு பாதி, ஆசிரியரிடம் இருப்பது இன்னொரு பாதி. இரண்டு பேருமே தங்களிடம் இருப்பதுதான் முழுப் பிள்ளை என்று நினைக்கிறார்கள். பள்ளிக்குப் போகிற தகப்பன், "என் பிள்ளை எப்படிப் படிக்கிறான்" என்று கேட்டால் "பரவாயில்லை" என்ற பதிலோடு திரும்பி வருவான். "வீட்டில் இவன் இப்படி இருக்கிறான், உங்களிடம் எப்படி இருக்கிறான், இந்த மாதம் நாங்கள் எதைச் செய்தால் உங்களுக்கு உதவி" என்று கேட்டுப் பார்க்கட்டும். பதில் வேறு மாதிரி வரும். கேட்பதற்கு முன்னால் கொடுக்க வேண்டும். இதை நான் காவல் நிலையத்தில் கற்றுக்கொள்ளவில்லை, உன் வகுப்பு பெஞ்சில் கற்றுக்கொண்டேன். இப்போது நீ மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாய். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் கணக்கு அதேதான்.

இனி நேற்றைய ரயிலுக்கு வருகிறேன். இது உன் அம்மா சொல்லக் கேட்டது, நான் அங்கே இல்லை. சாயந்திரம் சானடோரியத்தில் துணிக் கம்பெனிப் பெண்கள் கூட்டமாக ஏறுவார்கள். உன் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள், பக்கத்தில் வந்து நின்ற பெண்ணிடம், பல்லாவரத்தில் ஒன்பதாவது படிக்கிற பெண்ணை உடைய அம்மா யாராவது உங்கள் கம்பெனியில் உண்டா என்று பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். "அதோ கம்பியப் புடிச்சுக்கினு நிக்குதே, அதான். ஆனா பல்லாவரம் எங்க, அவங்க இப்ப பெருங்களத்தூர்ல கீறாங்க" என்று பதில் வந்திருக்கிறது. உன் அம்மா எழுந்து போய், தான் இன்னாருடைய அம்மா என்று சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டதாம்.

"மிஸ்ஸோட அம்மாவா நீங்க? இன்னா பண்ணிட்டா என் பொண்ணு?"

"ஒண்ணும் பண்ணலம்மா. உங்களப் பார்க்கணும்னு மிஸ் ஆசப்படுறா, அவ்வளவுதான்."

"ஒண்ணும் பண்ணலன்னா எதுக்குக்கா மூணு வாட்டி கூப்புடுறாங்க?"

கூட நின்ற பெண், "டிசி குடுக்கத்தான் கூப்புடுவாங்க, வேற எதுக்கு, உன் மூஞ்சியப் பார்க்கவா" என்று சிரித்திருக்கிறாள். "நீ சும்மா இருடி" என்று அவளை அடக்கிவிட்டு திவ்யாவின் அம்மா சொன்னதை, உன் அம்மா என்னிடம் சொன்னபடியே தருகிறேன்: "பதினோரு மணிக்கு வா, பதினோரு மணிக்கு வான்னா, மிஷின வுட்டுட்டு நான் எப்டிக்கா வர்றது? ஒரு வாட்டி பர்மிஷன் கேட்டேன். சூப்பர்வைசரு, 'இன்னா, உம் பொண்ணு கலெக்டருக்கா படிக்குது'ன்றான். கம்பெனியே சிரிச்சுச்சு. அப்புறம் கேக்கவே இல்ல."

அதற்குள் தாம்பரம் வந்துவிட்டது. உன் அம்மா இறங்கவில்லை. சீசன் டிக்கெட் தாம்பரம் வரைதான். இத்தனை வருட வேலையில் ஒரு நாளும் டிக்கெட் இல்லாமல் போகாதவள், பேச்சு பாதியில் நிற்கிறதே என்று பெருங்களத்தூர் வரை போயிருக்கிறாள். "இத எழுதிடாதீங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

அந்த ஒரு நிலையத் தூரத்தில் வந்ததுதான் முக்கியமானது. போன வருடம் பள்ளி திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், வாடகை கட்ட முடியாமல் பல்லாவரத்து வீட்டைக் காலி செய்துவிட்டு அவர்கள் பெருங்களத்தூருக்குப் போயிருக்கிறார்கள். பள்ளியில் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்றது திவ்யா. "சொன்னா அங்கயே பக்கத்துல சேர்ந்துக்கோன்னு சொல்லிடுவாங்களாம். அதுக்கு அந்த ஸ்கூலு, அந்தப் புள்ளைங்கதான் வோணும். எங்க மிஸ்ஸு எங்க மிஸ்ஸுன்னு வூட்ல ஒரே பேச்சு." அந்த மிஸ் நீதான். அவர்கள் தெருவில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடிக்க லாரித் தண்ணீர். அம்மா ஏழு மணிக்கெல்லாம், காலையில் மட்டும் வரும் கம்பெனி வேனில் ஏறிவிடுவதால் தண்ணீர் பிடிப்பது திவ்யா. லாரி வரும் நாட்களில் ரயில் போய்விடும். இதையெல்லாம் மிஸ்ஸிடம் சொல்லலாமா என்று உன் அம்மா கேட்டிருக்கிறாள். "சொல்லுங்கக்கா. நான் சொன்னா அழுதுடுவேன்" என்று அனுமதி கொடுத்திருக்கிறார். அனுமதி இல்லாமல் இருந்தால் இந்தப் பத்தி இந்தக் கடிதத்தில் இருந்திருக்காது.

ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து எழுதுவது எனக்குப் பழக்கம் இல்லை. இன்று வியாழக்கிழமை காலை நான் பெருங்களத்தூர் போனேன். அந்தத் தெருமுனை டீக்கடையில் நின்று, தண்ணி லாரி எப்போது வரும் என்று கேட்டேன். "அது இன்னா ரயிலா சார், டைம் சொல்றதுக்கு? செவ்வா, வியாயன், சனி. ஏழுன்னுவான், எட்டுக்கு வருவான்." ஏழே முக்காலுக்கு லாரி வந்தது. வரிசையில் சீருடையோடு ஒரு பெண், பையை முதுகில் மாட்டிக்கொண்டே குடங்களை நகர்த்திக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் போகவில்லை. கேட்க எதுவும் இல்லை. எட்டு மணிக்குப் பக்கத்தில் ரயில் ஒன்று போன சத்தம் கேட்டது, அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த குடத்தை வைத்தாள். இந்தப் பகுதியில் தண்ணீர் லாரி தாமதம் என்று எத்தனையோ முறை செய்தி எழுதியிருக்கிறேன். அது ஒரு கணக்குப் பாடச் செய்தி என்று ஒரு முறைகூட எனக்குத் தோன்றியதில்லை. செவ்வாய், வியாழன். நீ சொன்ன இரண்டு நாள் எவை என்று நான் கேட்கவில்லை. உன் வருகைப் பதிவேட்டைப் பார்த்து நீயே சரிபார்த்துக்கொள்.

உனக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீ தவறு செய்யவில்லை. உன்னிடம் இருந்த பாதியை வைத்து நீ நினைத்தது நியாயம்தான். வீடு பக்கம், வருவது தாமதம், அம்மா வருவதில்லை, இந்த மூன்றையும் வைத்து யாரும் அப்படித்தான் முடிவுக்கு வருவார்கள். திவ்யாவின் அம்மாவிடம் இருந்த பாதியை வைத்து அவர் நினைத்ததும் நியாயம். மூன்று முறை கூப்பிட்டார்கள், டிசி கொடுக்கத்தான் என்று முடிவு செய்துவிட்டார். நடுவில் ஒரு பெண் இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள், நீ ஒன்பதாவதில் நின்றது போல.

ரயிலில் உன் அம்மா கடைசியாகக் கேட்டது, எத்தனை மணி என்றால் உங்களால் வர முடியும் என்பது. மூன்று முறை சொல்லி அனுப்பியதில் யாரும் அதைக் கேட்கவில்லை. "சனிக்கெழம ஒன்பதுக்குத்தான் கம்பெனி. எட்டு மணின்னா பல்லாவரம் வந்துட்டு திரும்பி ஓடிடுவேன். ஆனா எட்டு மணிக்கு எந்த ஸ்கூல்க்கா தொறப்பாங்க?" உன் அம்மா, "அவளக் கேட்டுச் சொல்றேன்" என்றாளே தவிர, உன் சார்பில் வாக்குக் கொடுக்கவில்லை. உங்கள் பெற்றோர் கூட்டம் வழக்கமாகப் பத்து மணிக்கு என்று தெரியும். எட்டு மணிக்கு நீ வாட்ச்மேனிடம் சொல்லி வைக்க வேண்டும், தலைமையாசிரியையிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், நீயும் ஒரு சனிக்கிழமைத் தூக்கத்தை விட வேண்டும்.

அவர் வந்தால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காராதே, பெஞ்சில் பக்கத்தில் உட்கார். முதலில் திவ்யாவைப் பற்றி நல்லதாக ஒன்று சொல். இருப்பதைச் சொல், இட்டுக்கட்டிச் சொல்லாதே, அம்மாக்களுக்கு வித்தியாசம் தெரியும். லாரி விஷயம் உனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும், அதனால் அதில் நேரம் போக்க வேண்டாம். செவ்வாயும் வியாழனும் அவள் தாமதமாக வந்தாலும் வகுப்பில் போய் உட்கார விடச் சொல்லி நீ கேட்கப் போகிறாய் என்பதைச் சொல்லிவிடு. பிறகு அவரிடம், வீட்டில் அவர் செய்யக்கூடியது என்ன என்று கேள். கணக்கு சொல்லித்தரச் சொல்லாதே. தினமும் நோட்டைத் திறந்து வைத்து உட்காரச் சொல்லலாம், பக்கத்து வீட்டில் யாராவது வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் பிடித்துத் தருவார்களா என்று பார்க்கச் சொல்லலாம். இது போதும். உனக்கும் அவருக்கும் ஒரு வழி வேண்டும், வெள்ளிக்கிழமை ரயில் மாதிரி. உன் அம்மா தினமும் சாயந்திரம் அந்தப் பெட்டியில்தான் வருகிறாள். தூது போக அவளுக்குச் சம்மதம். இனிமேல் பெருங்களத்தூர் வரை சீசன் எடுத்துவிடுவதாகவும் சொல்கிறாள்.

என்னைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். சனிக்கிழமை நான் பல்லாவரம் பக்கம் வரமாட்டேன். உன் தலைமையாசிரியையை எனக்குத் தெரியும், ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார் என்று நேற்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பள்ளியில் உன்னையும் யாரும் போர்டுக்குக் கூப்பிடமாட்டார்கள்.

இன்று இரவு வரை தெரியாதவை இவை. தாமதமாக வரும் ஒரு மாணவிக்காகப் பள்ளியின் வழக்கத்தைத் தளர்த்தத் தலைமையாசிரியை ஒப்புக்கொள்வாரா என்பது தெரியாது. உங்கள் கணக்கு சார் விட்டுப்போன பாடத்தை மதிய இடைவேளையில் சொல்லித்தருவாரா என்பது தெரியாது. திவ்யா பத்தாவது அங்கேயே எழுதுவாளா என்பதற்குப் பதில் திங்கட்கிழமை, உன் வாயிலிருந்துதான் முதலில் வர வேண்டும். அதற்கு முன்னால் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று, எட்டு மணிக்குக் கதவு திறந்திருக்குமா என்பது. நாளை மாலை ரயிலில் உன் அம்மா அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். காலையில் நீ கிளம்பும்போது அவளிடம் ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போ.

திங்கட்கிழமை சாயந்திரம் நீ வீட்டுக்கு வரும்போது நான் டீ போட்டு வைத்திருப்பேன். ஒன்றும் கேட்கமாட்டேன். நீயாகச் சொல்.

அப்பா